ஏலகிரி ஏறப் பழகிய அம்பாசிடர்

ஏலகிரி மலைமேல் இருந்த அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது எழுபதுகளின் கடைசியில். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கெமிஸ்ட். அவருடைய முதலாளி புதுக் கார் எடுத்தபோது, தன் பழைய அம்பாசிடரை வெளியாளிடம் கொடுக்க மனம் வராமல் எங்கள் தலையில் கட்டியிருந்தார். மோர் நிறத்தில் இருந்த கார். டிக்கியைத் திறந்தால் தோல் வாசனை குப்பென்று அடிக்கும். சமதரையில் நன்றாகத்தான் ஓடியது. வாணியம்பாடிக்கும், குடியாத்தத்தில் இருந்த என் பிறந்த வீட்டுக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. மலை என்ற ஒன்றை அது அதுவரை பார்த்ததில்லை.

வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை விடியற்காலையில் டிரங்குப் பெட்டி, படுக்கை, ஸ்டவ், அரிசி, பருப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மலையடிவாரத்தில் இருக்கும் பொன்னேரியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கியது. முதல் வளைவிலேயே இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. அடுத்தடுத்த வளைவுகளில் அதுவும் போதவில்லை, முதல் கியர்தான். அதற்குப் பிறகு கார் முனக ஆரம்பித்தது. என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஓட்டினார். பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில், கார் குலுங்கி நின்றுவிட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது. நான் இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். முதல் நாள் வேலைக்கென்று பட்டுப்புடவை கட்டியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழிருந்து திருப்பத்தூர் பஸ் வந்தது. பருத்த உடம்பும் கழுத்தில் துண்டுமாக இருந்த டிரைவர் பஸ்ஸை எங்கள் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"இன்னா சார், நின்னுக்குச்சா?"

"சூடாயிடுச்சுங்க. கொஞ்சம் ஆறட்டும்னு பாக்கறேன்."

"அது ஆறி எப்ப ஏறுறது? அம்மா எங்க போவணும்?"

"ஸ்கூலுக்கு. இன்னிக்கு ஜாயின் பண்ணணும்."

"அப்ப அம்மா வரட்டும், பொட்டியும் வரட்டும். வண்டிய நீங்க பாத்துக்குங்க."

இப்படியாக நான் பஸ்ஸில் ஏறி, பின் கண்ணாடி வழியாகப் புருஷனுக்குக் கை காட்டிவிட்டு, அரசாங்க வேலையில் போய்ச் சேர்ந்தேன். அவர் மத்தியானம்தான் வந்தார். முகமெல்லாம் கரி. நடுவில் இன்னும் மூன்று இடங்களில் கார் நின்றதாம். இன்ஜின் பக்கத்தில் கொதித்த பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தலைமை ஆசிரியர் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்ல வண்டி சார். எறங்கும்போது ஒண்ணும் பிரச்சினை இருக்காது" என்றார். கிண்டலா ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பள்ளிக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்திருந்தது. அதன் பின்வாசலில் உட்கார்ந்து இருவரும் பஸ் நேரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பள்ளி விடுகிற மணி அடிப்பதற்கு முன்பே கடைசி பஸ் கீழே இறங்கிவிடும். சனிக்கிழமை காலையில் கிளம்பி, இரண்டு இடத்தில் பஸ் மாறி, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் ஆம்பூர் போக முடியும். திங்கட்கிழமை முதல் மணிக்கு இங்கே நிற்க வேண்டுமென்றால் ஞாயிறு பிற்பகலே மறுபடி பஸ் ஏறியாக வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் வீட்டில். கார் இருந்தால் வெள்ளி சாயங்காலம் இறங்கித் திங்கள் விடியற்காலையில் ஏறலாம். மூன்று ராத்திரி. நான் கணக்கு டீச்சர் என்பதால் இதை விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் காரின் பக்கம் திரும்பினார்.

"வண்டி உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஊர்ல சைக்கிள் போதும். ஆனா நீ தனியா வர்ற வண்டி வழியில நிக்கக் கூடாது. அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணிடலாம்" என்றார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பேரணாம்பட்டு சாலையில் ஓட்டிப் பழகியிருந்தேன். ஊரில் அப்போது கார் ஓட்டுகிற பெண் வேறு யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டீக்கடைக்காரர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்ப்பார்கள். அது பழகிவிட்டது.

அடுத்த ஞாயிறு காலையில், அவர் கீழே இறக்கிக்கொண்டு வந்திருந்த காரை எடுத்துக்கொண்டு ஹைவேஸ் ஓரத்தில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனோம். அந்த மெக்கானிக்கும் என் கணவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒருவரை ஒருவர் 'டா' போட்டுத்தான் பேசுவார்கள். நான் அவரை 'பாய்' என்பேன், அவர் என்னை 'டீச்சர்' என்பார்.

பாய் பானெட்டைத் திறந்தார். எதையும் தொடாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த இன்ஜினுக்கு வயசாய்டுச்சுடா. கழட்டிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் வச்சிடலாம். பேஜாரே இருக்காது."

"டீசலா? ட்ராக்டர் மாதிரி கத்துமே" என்றார் என் கணவர்.

"கத்தினா இன்னா? ஏறுதா இல்லையா, அத சொல்லு."

இருவரும் அதையே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், புதுசா பலம் சேக்கறது அப்புறம் இருக்கட்டும். இந்த இன்ஜினுக்குன்னு இருக்கற பலமே முழுசா வருதான்னு மொதல்ல பாத்துடலாமே. ஸ்டார்ட் பண்ணி விடுங்க. நாலு அடியில ஒரு அடி தப்புது" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்குக் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற விசைத்தறிகள். தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் தூங்கினோம், படித்தோம், சண்டை போட்டோம். ஒரு தறி தாளம் தப்பினால் சமையலறையில் இருக்கும் அம்மாகூடத் தலையைத் திருப்புவார். அந்தக் காது எனக்கும் இருந்தது.

பாய் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறியது. இரண்டாவதைக் கழற்றினாலும் அப்படித்தான். மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான் இருந்திருக்கிறது.

"அரே! மூணு பேர் தூக்கறான், ஒருத்தன் சும்மா தோள் குடுத்துனு கூட வர்றான்" என்றார் பாய். அந்த நிமிஷத்திலிருந்து டீசல் பேச்சு நின்றுபோனது.

வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று முழுதாக மூடவே இல்லை. இடைவெளி வைக்க வேண்டிய இடத்தில் இறுக்கி வைத்திருந்தார்கள். சத்தம் வரக் கூடாது என்று முதலாளியின் பழைய டிரைவர் செய்த வேலையாக இருக்கும். எட்டு வால்வுக்கும் தகடு விட்டு இடைவெளி சரிசெய்தார் பாய். நான் கைப்பிடியால் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்தேன். கரன்டை விட்டு விட்டுக் கொடுக்கிற பாயிண்டைத் தேய்த்து, பிளக்குகளைத் துடைத்து, கரன்ட் பாய வேண்டிய நேரத்தைத் திருத்தினார். கடைசியாகக் கார்புரேட்டரின் தலையில் இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்தார். அதன் கீழே தொங்கும் கம்பி எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். சொட்டு எண்ணெய் இல்லை.

"இது இல்லன்னா ஆக்சிலேட்டர மிதிச்சதும் வண்டி திணறும் டீச்சர். பிக்கப்பே இருக்காது. லேசான எண்ணெய் வேணும். இங்க இருக்கறதெல்லாம் கெட்டி."

"தையல் மெஷின் எண்ணெய் ஆவுமா?"

"ஜோரா ஆவும்."

சைக்கிளில் வீட்டுக்குப் போய் என் தையல் மெஷினின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார் என் கணவர். அன்று மத்தியானம் காரை எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சட்டென்று கதவைப் பிடித்துக்கொண்டார். நான் வேகமாகப் போகவில்லை. கார்தான் சொன்ன பேச்சைக் கேட்டது.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு பாகம்கூட வாங்கவில்லை. இதோடு விட்டிருந்தாலும் போதுமாக இருந்திருக்கலாம். ஆனால் பேரணாம்பட்டுக்கு மேல் ஆந்திராவுக்குப் போகும் மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தோம். பலம் வந்திருந்தது, சூடு குறையவில்லை. இந்தத் தடவை என் கணவர் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். விரலில் வெள்ளையாகப் பொருக்கு ஒட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு ஊருக்கே தெரியும். பானையில் படியும், குழாயில் படியும். காரிலும் படிந்திருந்தது. அந்த உப்பில் தன் தொழிற்சாலைக்கும் பங்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும், "நாங்க பண்ணதுக்கு நாங்களே மருந்தும் வச்சிருக்கோம்" என்றார். தோலில் இரும்புக் கறை விழுந்தால் எடுப்பதற்கு ஆக்ஸாலிக் அமிலம் வைத்திருப்பார்கள். அதைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்தார். காவியும் வெள்ளையுமாகக் குழம்பு மாதிரி வந்தது. பிறகு சோடா உப்புத் தண்ணீர். அப்புறம் நல்ல தண்ணீராக வடியும்வரை திரும்பத் திரும்ப அலசினார். தோலை அலசுகிற பொறுமை அது. அன்றிலிருந்து அந்த ரேடியேட்டருக்கு ஊர்த் தண்ணீரே கிடையாது. நான் மலையிலிருந்து கேனில் கொண்டுவருகிற தண்ணீர்தான்.

சூடும் அடங்கியது. இங்கேதான் ஆசை வந்தது. எனக்கு அல்ல, அவர்கள் இருவருக்கும்.

கார் ஏற வேண்டும் என்று தொடங்கியவர்கள், கார் பறக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் என் கணவர் ஷெட்டில்தான் இருப்பார். ஒரு நாள் மேனிபோல்டைக் கழற்றினார்கள். கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோலும் காற்றும் இன்ஜினுக்குள் நுழைகிற குழாய் அது. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசிவை அடைக்கிற தாளாக ஒரு கேஸ்கெட் இருக்கும். என் கணவர் இன்ஜின் துவாரங்களின்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஷூ கம்பெனிகளில் அட்டையில் அச்சு எடுக்கிற முறை. விளிம்பு தெளிவாக விழுந்தது. அதன்மேல் கடையில் வாங்கிய கேஸ்கெட்டை வைத்துக் காட்டினார். கேஸ்கெட்டின் ஓட்டை சிறியது. துவாரத்தின் ஓரத்தைச் சுற்றிலும் அது மறைத்துக்கொண்டு நின்றது.

"பாரு, சின்ன காலர் போட்டு கழுத்த இறுக்கற மாதிரி. மூச்சு எப்டி வரும்?" என்றார்.

பாய் குனிந்து பார்த்து, "இத்தினி வருஷமா நானும் இதத்தான் வாங்கி மாட்டினு இருக்கேன்" என்றார். பிறகு, "நீயே வெட்டிக் குடு, நான் உள்ள இருக்கற மேடு பள்ளத்த அரம் போட்டுத் தரேன்" என்றார். தெரிந்த ஷூ கம்பெனியிலிருந்து வாங்கிவந்த தோல் வெட்டுகிற கத்தியால் என் கணவர் ஆஸ்பெஸ்டாஸ் தாளில் புது கேஸ்கெட் வெட்டினார். அந்தக் காலத்தில் அதைக் கையால் தொடப் பயப்பட யாருக்கும் தெரியாது. பாய் அரை வட்ட அரத்தை வைத்துக் குழாயின் வாயை வழவழப்பாக்கினார். என் பங்குக்கு ரெக்சின் துணியில் ஒரு நீளப் பை தைத்துக் கொடுத்தேன். உள்ளே கம்பி வளையம் வைத்து, காரின் முகப்பிலிருந்து ஏர் பில்டர்வரை அதைக் குழாய் மாதிரி இழுத்துக் கட்டினோம். இன்ஜினின் சூட்டுக் காற்றைக் குடிப்பதற்குப் பதிலாக வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் குடிக்கட்டும் என்று. பார்ப்பதற்கு யானைத் துதிக்கை போல இருக்கும். ஆனால் வித்தியாசம் தெரிந்தது.

கடைசியாகப் பாய்க்கு ஒரு யோசனை வந்தது. இன்ஜினின் தலைப்பகுதியை, ஹெட் என்பார்கள், அதன் அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவிவிட்டால் உள்ளே இருக்கும் இடம் குறையும். அதே பெட்ரோல் இன்னும் இறுக்கமாக நசுங்கி வெடிக்கும். பலம் கூடும். தோலை இரண்டாகப் பிளக்கும் மெஷின்களுக்குக் கத்தி தீட்டித் தருகிற பட்டறை ஒன்று ஊரில் இருந்தது. அங்கே கொடுத்து அரை நூல் சீவினார்கள், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ்ஸில் இறங்கி வந்திருந்தேன். சாயங்காலம் இருவரும் என்னைப் பாதிச் சமையலில் விட்டுவிட்டு வரச் சொல்லி, ஹைவேஸில் காரை ஓட்டிக் காட்டினார்கள். உண்மையிலேயே பறந்தது. மாதனூர் பக்கம் ஒரு லாரியை எட்டிப் பிடித்துத் தாண்டியபோது பாய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி லாரிக்காரருக்கு சலாம் வைத்தார்.

பேரணாம்பட்டு மேட்டில் ஏறியபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது மாதிரி.

"நாக்கிங்" என்றார் பாய், முகம் தொங்கிப்போய்.

"நீங்க சீவினது ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன்.

நமக்குக் கிடைத்த பெட்ரோல் அந்த இறுக்கத்தைத் தாங்கவில்லை. நேரம் வருவதற்கு முன்பே தானாக வெடித்தது. தீப்பொறி பாயும் நேரத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். சத்தம் நின்றது, கூடவே பலமும் போனது, மறுபடி சூடேறியது. முன்னால் தள்ளினால் புளியங்கொட்டை, பின்னால் தள்ளினால் எருமை மாடு. இரண்டு பேரும் வழியெல்லாம் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"கால் நூல் போதும்னு நான் சொன்னேன்டா."

"நீ எங்க சொன்ன? நீதான் பட்டறையில நின்னுனு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னே."

"சீவறதுக்கு ஐடியா குடுத்தது யாரு?"

"சீவினத திருப்பி ஒட்ட முடியுமா பாய்?" என்று நடுவில் கேட்டேன். எரிச்சலில்தான் கேட்டேன். பாய் இரண்டு விரலால் ஏதோ கனத்தை அளந்து பார்த்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபின், "முடியும்" என்றார்.

வழி ரொம்பச் சாதாரணமானது. ஹெட்டுக்குக் கீழே ஒரு கேஸ்கெட் வைக்கிற இடத்தில் இரண்டு கேஸ்கெட் வைத்தால் ஹெட் கொஞ்சம் உயரும். சீவியதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். அப்படியே செய்தார்கள். நட்டுகளை முடுக்கும்போது பாய், "மெனக்கெட்டு சீவினோம், இப்ப மெனக்கெட்டு மேல தூக்கறோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் சிரித்ததில் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார். ஆனால் அதுதான் சரியான அளவாக அமைந்தது. பழைய அலுப்பும் இல்லை, புது வீம்பும் இல்லை. பேரணாம்பட்டு மேட்டில் இரண்டாவது கியரில், காலை முழுதாக அழுத்தி ஏறினேன். ஒரு கொட்டைகூடக் குலுங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். அவர் விடியற்காலையில் எழுந்து ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார். வாசலில் நின்று, "போய்ட்டு எப்படி சொல்லுவ?" என்று கேட்டார். மலைமேல் போன் வசதி தபால் ஆபீசில் மட்டும்தான். "நின்னா பஸ்காரரு சொல்லுவாரு. ஒண்ணும் சேதி வரலன்னா போய்ட்டேன்னு அர்த்தம்" என்றேன்.

பொன்னேரியைத் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டேன். முதல் வளைவு, இரண்டாவது கியர். அதே கியரிலேயே அடுத்த வளைவையும் எடுத்தது. நான் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன். நான்கு அடியும் ஒரே சீராக விழுந்தன. எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி ஓடுகிற மாதிரி. போன தடவை கல் வைத்த வளைவு வந்தது, கார் அதைக் கவனிக்காமலே தாண்டியது. அதற்கு மேல் போகப் போகக் காற்று குளிர்ந்தது. முன்னால் திருப்பத்தூர் பஸ் முனகிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கொஞ்சம் அகலமான இடத்தில் ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, 'போம்மா போ' என்று ஆட்டினார். தாண்டும்போது பஸ் ஜன்னலெல்லாம் தலைகள்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தபோது முதல் மணிகூட அடிக்கவில்லை. ஒரு கிழவி கீரைக்கூடையோடு போய்க்கொண்டிருந்தார். நான் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கொதிப்பு இல்லை. எனக்குச் சத்தமாக யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கீரைக்காரம்மாவிடம், "ஆம்பூர்லேந்து நிக்காம வந்துடுச்சு" என்றேன். "நல்லது கண்ணு. கீர வேணுமா?" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு வந்த வருஷங்கள் எல்லாம் அந்தத் தாளத்திலேயே ஓடின. திங்கள் ஏற்றம், வெள்ளி இறக்கம். மலைக் காற்று லேசானது என்பதால், ஆம்பூருக்குச் சரியாக வைத்த பெட்ரோல் அளவு மேலே கொஞ்சம் அதிகப்படியாக இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறத்துக்குப் பதில் கறுத்திருக்கும். கார்புரேட்டரின் அடியில் இருந்த ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை திருப்பிவைத்தால் சரியாகிவிடும். அதைப் பாய் காட்டிக் கொடுத்தார், நானே செய்துகொள்வேன். வெள்ளிக்கிழமை கிளம்பும்முன் மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பிவிடுவேன். மேலே ஒரு சமையல், கீழே ஒரு சமையல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விகிதம் நடத்தும்போது ஒரு நாள் அவர்களை மைதானத்துக்கே கூட்டிப்போய், காற்று எத்தனை பங்கு, பெட்ரோல் எத்தனை பங்கு என்று அந்தக் காரை வைத்தே நடத்தினேன். அந்தப் பாடத்தில் மட்டும் யாரும் தூங்கவில்லை.

வீட்டில் அந்த மூன்று ராத்திரிகளும் எங்களுக்குக் கிடைத்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலாப்பழமோ, தேனோ, ரேடியேட்டர் தண்ணீரோ ஏற்றிக்கொண்டு இறங்குவேன். ஹைவேஸில் திரும்புகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று சொல்லி, அவர் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவைத்திருப்பார். உண்மையில் சத்தத்தில் தெரிந்ததா, நேரத்தை வைத்துச் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு வாணியம்பாடிக்கு மாற்றல் வந்தது. மலையை விட்டு இறங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயையும் அவர் குடும்பத்தையும் மேலே கூட்டிப்போனோம். அந்தக் காரை அத்தனை வருஷம் மலைக்காகவே திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு தடவைகூட ஏலகிரிக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நான் எங்க வர்றது டீச்சர்? ஞாயித்துக்கிழமைதான் எல்லா வண்டியும் என்கிட்ட வருது" என்றார்.

முன்சீட்டில் என்னோடு பாய். பின்சீட்டில் என் கணவர், பாயின் மனைவி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், மடியில் பிரியாணி ஆக்கிய தேக்சா. டிக்கியில் கோரைப்பாய், தலையணை, தண்ணீர்க் கேன். அத்தனை பாரத்தோடு அந்தக் கார் அதுவரை ஏறியதில்லை. முதல் வளைவிலிருந்தே பாய் ஆரம்பித்துவிட்டார். "டீச்சர், கியர மாத்துங்க… ஆங், இப்ப மிதிங்க… இல்ல, கொஞ்சம் விடுங்க…" பின்னாலிருந்து அவர் மனைவி, "அவங்க வாராவாரம் ஓட்டறவங்க. நீங்க கொஞ்சம் வாய மூடினு வெளிய பாருங்க" என்றார். அதன்பிறகு பாய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு வளைவு கீழே சமவெளி விரிந்துகொண்டே போனது. ஒரு இடத்தில் மட்டும் முதல் கியருக்கு இறங்கினேன். நிற்கவில்லை.

ஏரிக்கரையில் மரத்தடியில் கோரைப்பாயை விரித்துச் சாப்பிட்டோம். பிள்ளைகள் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு கத்தினார்கள். பாய் சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு காரிடம் போய், பானெட்டைத் திறந்து, பொழுதுபோகாமல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரும் போய்ச் சேர்ந்துகொண்டார். இருவரும் எதையோ காட்டிக் காட்டிப் பேசினார்கள். பாயின் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்துவிட்டு, "நாம சாப்பிடுவோம் டீச்சர். இவங்க பேசி முடிக்க மாட்டாங்க" என்றார்.

இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை அதிகம் தொடாமல், மெல்ல இறங்கினேன். கீழே ஜோலார்பேட்டை ஸ்டேஷன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒரு ரயில் பெங்களூர்ப் பக்கம் வளைந்து போனது. பாயின் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கொஞ்சம் தயங்கி, "டீச்சர், மாத்தலாயிட்டா இன்னா, இன்னொரு ஞாயித்துக்கிழமையும் வரலாமா?" என்று கேட்டார்.

"வரலாமே" என்றேன். அதற்கப்புறமும் பல ஞாயிறுகள் போனோம்.